கரிசலும் கடலும் தேரியும்: நம் சீமையின் சுவை தேடி

வீட்டிற்கு விருந்தினர் வந்துவிட்டால் இன்று நாம் செய்வது என்ன? சிறுவன் ஒருவனைத் தெருமுனைக் கடைக்கு ஓட விடுகிறோம். எங்கோ ஓர் ஆலையில் புட்டியில் அடைத்த வண்ண நீரும், பளபளக்கும் உறையில் காற்றோடு அடைபட்ட வறுவலும் வந்து சேருகின்றன. சென்னையிலிருந்து வந்த உறவினரும் அதையே அருந்துகிறார். மும்பையிலிருந்து வந்தவரும் அதையே கொறிக்கிறார். ஊர் மாறினாலும் நாவில் ஊர் மாறுவதில்லை. நம் சீமையில் வந்தவர் முன் வைக்கத் தகுந்தது ஒன்றுமே இல்லையா? இக்கேள்வி எங்கள் அன்பியக் கூட்டமொன்றில் எழுந்தது. விடை காண, மூன்று குடும்பத்தார் சேர்ந்து சித்திரை பிறந்த மறுவாரம் ஒரு வேனை அமர்த்திக்கொண்டு பாளையங்கோட்டையிலிருந்து புறப்பட்டோம். இரண்டு நாள் பயணம். பெரிய உணவு விடுதிகளை நாடுவதில்லை. ஒரு பண்டம் எங்கே விளைகிறதோ, எங்கே செய்யப்படுகிறதோ அங்கேயே சென்று உண்பது என்பது எங்கள் தீர்மானம்.

கரிசல் தந்த கடலை

முதலில் வடக்கே கோவில்பட்டிக்குச் சென்றோம். வானம் பார்த்த கரிசல் பூமி அது. பருத்தியும் கம்பும் உளுந்தும் விளையும் அம்மண்ணில் நிலக்கடலையும் நன்கு திரண்டு விளைகிறது. அவ்வூர்க் கடலைமிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்ததை வாசகர் பலர் அறிந்திருப்பர். தொடக்கத்தில் அது திருவிழாக் காலங்களில் மட்டும் கருப்பட்டிப் பாகில் செய்யப்பட்ட பண்டம். 1940களில்தான் வெல்லப்பாகில் செய்து நாள்தோறும் கடையில் விற்கும் வழக்கம் ஏற்பட்டது.

செய்யும் முறையைப் பார்த்தால் அதில் மறைவு ஏதுமில்லை. கடலையை வறுத்துத் தோல் நீக்கி உடைக்கிறார்கள். வெல்லத்தைக் காய்ச்சி வடிகட்டிப் பாகு எடுக்கிறார்கள். இரண்டையும் கலந்து பலகையில் கொட்டி, உருளையால் பரப்பி, சூடு ஆறுமுன் வில்லைகளாக வெட்டுகிறார்கள். மேலே சாயமூட்டிய தேங்காய்ப்பூ தூவுவதும் உண்டு. பாகின் பதம்தான் அனைத்தும். ஒரு நிமிடம் முந்தினால் மிட்டாய் பல்லில் ஒட்டும். ஒரு நிமிடம் பிந்தினால் கசக்கும். "கடிகாரம் பாக்கிறதில்ல ஐயா, பாகு விழுற சத்தத்தைக் கேக்கணும்" என்றார் அடுப்படியில் நின்றவர். நாற்பது ஆண்டுகளாக அச்சத்தத்தைக் கேட்டவர் அவர். நல்ல பண்டத்தைத் தேடுவோர் கடையின் பெயரைக் கேட்பதைவிட, அடுப்படியில் நிற்பவர் யார் என்று கேட்பதே நலம் என்பதை அங்கேயே தெரிந்துகொண்டோம்.

பனிமய அன்னையின் நகரில்

கோவில்பட்டியிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் சென்றால் தூத்துக்குடி. ஆகஸ்டு 5ஆம் நாள் பனிமய அன்னையின் பெருவிழாவுக்குச் சென்று வருவோர், வீடு திரும்புகையில் கையில் மக்ரூன் பொட்டலமின்றி வருவதில்லை. முட்டையின் வெண்கரு, சர்க்கரை, முந்திரிப் பருப்பு ஆகிய மூன்றே பொருள்கள். வெண்கருவை நுரைக்க நுரைக்க அடித்து, சர்க்கரையும் முந்திரித் தூளும் சேர்த்து, கூம்பு வடிவத் தாளில் நிரப்பித் தட்டின்மேல் சுற்றிச் சுற்றிப் பிழிகிறார்கள். பின்பு அது மெல்லிய சூட்டில் நெடுநேரம் உலர வேண்டும். வாயிலிட்டால் முதலில் நொறுங்கி, மறுகணம் கரைந்து விடுகிறது.

இது போர்த்துக்கீசியர் வழியே வந்த பண்டம் என்பது ஊர் வழக்கு. ஐரோப்பாவில் இவ்வகைப் பண்டத்திற்கு வாதுமைப் பருப்பு சேர்ப்பர்; இங்கே அதன் இடத்தை முந்திரி பிடித்துக்கொண்டது. அந்த முந்திரியும் நம் மண்ணில் பிறந்ததன்று. பிரேசில் நாட்டிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்த மரம். இருப்பினும் இன்று மக்ரூன் என்றால் தூத்துக்குடி, தூத்துக்குடி என்றால் மக்ரூன். வெளியூரிலிருந்து வந்தது எதுவும் நமதாகாது என்று எண்ண வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாக ஊரார் கைபட்டுச் செய்தால் அது ஊரின் பண்டமே. வாங்குவோர்க்கு ஒரு குறிப்பு: மக்ரூனுக்கு ஈரம் பகை. மழைநாளில் வாங்கினால் உடனே இறுக மூடிய டப்பாவில் இட்டு வைக்க வேண்டும்.

அன்று மாலை திருச்செந்தூர்ச் சாலையில் சென்று, ஆத்தூரில் வேனை நிறுத்தினோம். தாமிரபரணி கடலை நெருங்கும் இடம். இருபுறமும் வாழை, அதனிடையே நிழலில் வெற்றிலைக் கொடிக்கால்கள். ஆத்தூர் வெற்றிலையும் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. பொதிகையில் பிறந்த ஆறு கடலில் கலக்குமுன் செய்யும் கடைசி உபகாரங்களில் இதுவும் ஒன்று. எங்களோடு வந்திருந்த பெரியம்மா ஓர் இலையைக் கிள்ளி வாயிலிட்டு, "காரம் இருக்கு, ஆனா உறைக்கலை" என்று தீர்ப்புக் கூறினார். அதற்குமேல் ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

மணப்பாட்டுக் கரை

இரவு திருச்செந்தூரில் தங்கி, விடியுமுன் மணப்பாட்டுக்குச் சென்றோம். கடலுக்குள் நீண்ட மணற்குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயமும், அதன் அடிவாரத்தில் புனித சவேரியார் தங்கிச் செபித்த குகையும் உள்ள ஊர். அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தது 1542இல். குகையைத் தரிசித்துவிட்டுக் கரைக்கு இறங்கினோம்.

மீன் தேடிச் செல்வோர் இரண்டு செய்திகளை மனத்தில் இருத்த வேண்டும். முதலாவது, ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள்கள் நம் கீழைக் கடலில் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. மீன்கள் சினைபிடிக்கும் காலத்தில் அவற்றைக் காப்பதற்கான ஏற்பாடு இது. அந்நாள்களில் கரையில் கிடைப்பது நாட்டுப்படகுக்காரர்கள் அண்மைக் கடலில் பிடித்து அன்றன்றே கொண்டுவரும் மீன் மட்டும்தான். அளவு குறைவு, ஆயினும் பனிக்கட்டியில் பல நாள் கிடந்த மீனுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நாக்கு உடனே சொல்லும். இரண்டாவது, நம் மக்கள் வாழும் கடற்கரை ஊர்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குச் செல்வதில்லை. ஆண்டவருடைய நாளைக் கடல்மேல் கழிப்பதில்லை என்ற கட்டுப்பாட்டை நம் மீனவர் காத்து வருகின்றனர். ஆகவே ஞாயிறன்று அங்கே போய் ஈர மீன் இல்லையே என்று முகம் சுளிப்பவர் முறை அறியாதவர்.

கரையேறிய வள்ளத்திலிருந்து சாளையும் விளைமீனும் ஒரு சிறு சீலாவும் வாங்கினோம். வஞ்சிரம் என்று பிற இடங்களில் சொல்லப்படும் மீனுக்குத் தூத்துக்குடிக் கரையில் சீலா என்று பெயர். அறிமுகமான வீடொன்றில் அவ்வீட்டு அம்மாளே குழம்பு வைத்துக் கொடுத்தார்கள். அரைத்த தேங்காய், புளி, மல்லி, மிளகாய், வேறொன்றுமில்லை. "மீனு நல்லா இருந்தா மசாலா எதுக்கு? மீனு கெட்டுப்போனாத்தான் அதை மறைக்க மசாலா வேணும்" என்று அவர்கள் சிரித்தபடி சொன்னது உணவகம் நடத்துவோர் சுவரில் எழுதி வைக்கத் தக்கது.

தேரியும் விடிலியும்

மணப்பாட்டிலிருந்து உள்நாட்டுப் பக்கம் சிறிது தூரம் திரும்பினால் உடன்குடி. அதைச் சுற்றிய நிலமே தனி. குருதி நிறத்தில் அலையலையாய்க் கிடக்கும் செம்மணல் மேடுகளைத் தேரி என்கிறோம். குதிரைமொழித் தேரி அவற்றுள் பெயர்பெற்றது. நெல்லுக்கு ஆகாத அம்மண்ணில் கண்ணுக்கெட்டிய தூரம் பனை நிற்கிறது. உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் அதன் புகழ் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அருகிலுள்ள குலசேகரன்பட்டினத்தில் கருப்பட்டியிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலை ஒன்று இயங்கியது. அதற்காகத் திசையன்விளையிலிருந்து ஒரு சிற்றிரயிலும் ஓடியது. 1940இல் அவ்வண்டி நின்றுபோயிற்று. ஓர் இரயில்பாதை அமைக்கும் அளவுக்குப் பனைச்செல்வம் பெருகியிருந்த மண் அது.

காலை ஏழரை மணிக்குப் பனங்காட்டுக்குள் நுழைந்தோம். பதனீர் அருந்த அதுவே நேரம். அறுபதடி உயரத்திலிருந்து இறங்கிய பனையேறி, ஓலைப்பட்டை மடித்துக் கொடுத்து, குடுவையிலிருந்து ஊற்றினார். குளிர்ச்சியும் இனிப்பும், அவற்றின் அடியில் சுண்ணாம்பின் மெல்லிய வாடையும், ஓலையின் பச்சை மணமும் ஒன்றாகக் கலந்திருந்தன. பக்கத்தில் வெட்டிய நுங்கை அதிலேயே இட்டுக் கொடுத்தார். குழந்தைகள் மூவரும் மறுபட்டை கேட்டனர். புட்டிப் பானத்தைப் பற்றி அன்று முழுவதும் அவர்கள் வாய் திறக்கவில்லை.

பதனீர் வேறு, கள் வேறு என்பதை நம் இளைஞரில் பலர் அறியார். இரண்டும் ஒரே பாளையிலிருந்து சொட்டுவனவே. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் ஊறல் புளிக்காமல் இனிப்பாகவே நிற்கும், அது பதனீர். தடவாவிட்டால் புளித்து வெறியூட்டும், அது கள். 1987 முதல் தமிழகத்தில் கள்ளுக்குத் தடை உள்ளது. ஒரு விரல் சுண்ணாம்பு மட்டுமே குழந்தைக்குக் கொடுக்கும் பானத்திற்கும் குடும்பத்தைக் கெடுக்கும் பானத்திற்கும் இடையே நிற்கிறது. சுண்ணாம்பு இட்டாலும் வெயில் ஏற ஏற அதன் காவல் தளரும். ஆகவே பதனீரைக் காலையிலேயே, மரத்தடியிலேயே அருந்த வேண்டும். நகரத்துச் சாலையோரத்தில் நண்பகலில் விற்கப்படுவது எத்தகையது என்று வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

காட்டின் நடுவே ஓலை வேய்ந்த விடிலி. அங்கேதான் பனையேறியின் மனைவி பதனீரைக் காய்ச்சுகிறார். காய்ந்த பனை மட்டையும் ஓலையுமே விறகு. பொங்கி வழியாதிருக்க ஆமணக்கு விதையை இடித்துச் சிறிது போடுகிறார். பல மணி நேரம் நெருப்பருகே நின்று கிண்டிக் கிண்டிப் பாகு இறுகியதும், வரிசையாய் அடுக்கிய சிரட்டைகளில் வார்க்கிறார். ஆறியதும் தட்டினால் அரை உருண்டையாய்க் கருப்பட்டி விழுகிறது. சுக்கும் மிளகும் சேர்த்து வார்த்தால் சுக்குக் கருப்பட்டி. ஒரு துண்டு உடைத்துக் கொடுத்தார். கரும்பு வெல்லத்தின் இனிப்பு அன்று அது. புகையும் மெல்லிய உவர்ப்பும் கலந்த, மெல்ல மெல்லக் கரையும் இனிப்பு.

"நல்ல கருப்பட்டியை எப்படித் தெரிந்துகொள்வது?" என்று எங்களோடு வந்த ஆசிரியை கேட்டார்.

"சீனி போட்டது உடைச்சா உள்ளுக்குள்ள கல்லு மாதிரி மினுங்கும் அம்மா. இது மினுங்காது. வாயில போட்டா அது ஒடனே கரைஞ்சிரும்; இது மெதுவாத்தான் கரையும்" என்றார் அந்த அம்மாள்.

ஒரு கிலோவின் கணக்கு

இவ்வடையாளங்களோடு ஒரு கணக்கையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறோம். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு முதல் பத்து லிட்டர் வரை பதனீர் வேண்டும். பருவத்தில் ஒரு மரம் நாளொன்றுக்குச் சராசரியாக இரண்டு மூன்று லிட்டர் தருமெனக் கொண்டால், மூன்று நான்கு மரங்களின் ஒரு நாள் ஊறல் அது. ஒவ்வொரு மரத்திலும் பாளை சீவக் காலையும் மாலையும் ஏற வேண்டும். ஆக, நம் கையிலுள்ள ஒரு கிலோ கருப்பட்டிக்காக ஒரு மனிதர் ஏறத்தாழ ஏழு முறை அறுபதடி ஏறி இறங்கியிருக்கிறார். ஒரு பெண் அரை நாள் நெருப்பருகே நின்றிருக்கிறார். அத்தகைய பொருளைச் சீனியின் விலையை ஒட்டி ஒருவர் விற்றால், அதில் பெரும்பகுதி சீனி என்பதை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. மலிவு கேட்பது நாம். கலப்படம் செய்பவர் நம் கேள்விக்குத்தான் பதில் சொல்கிறார். அவர் செயல் குற்றமே. ஆயினும் நம் பங்கும் அதில் உண்டு.

இதனால் துன்புறுபவர் உண்மையாய் உழைப்பவரே. கலப்படச் சரக்கு சந்தை விலையை இறக்கிவிடுகிறது. சுத்தமாகச் செய்பவர் தம் விலையைக் கேட்டால் அதிகம் என்கிறார்கள். பதனீர் கொடுத்த பெரியவரிடம் அவர் தொழிலைப் பற்றி வினவினோம். சற்று நேரம் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மரம் இருக்கு அண்ணாச்சி, ஏறத்தான் ஆளில்லை. எனக்கு அறுபத்து மூணு வயசு. மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போயிட்டான். அவனைக் குத்தம் சொல்ல மாட்டேன். பனையேறிக்குப் பொண்ணு குடுக்க யாரு இருக்கா? தவறி விழுந்தா அன்னையோட குடும்பம் முடிஞ்சுது. எங்க அப்பா அப்படித்தான் போனாரு" என்றார்.

சொல்லிவிட்டு அடுத்த மரத்திற்கு நடந்தார். அவர் ஏறாத மரங்களையும் காட்டினார். பாளை முற்றித் தொங்க, சீவுவாரின்றி நின்றன. ஊறும் இனிப்பெல்லாம் யாருக்கும் பயன்படாமல் போகிறது. இன்னும் சில இடங்களில் பனைகள் செங்கற்சூளைக்கு விறகாகவும் போய்விட்டன.

அரசு வாளாவிருக்கவில்லை. பனை நம் மாநில மரம். 2021ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. 76 இலட்சம் பனை விதைகளை வழங்கும் திட்டமும் அதிலேயே வந்தது. நல்ல செயல்கள். ஆயினும் இன்று ஊன்றும் விதை பாளைவிட ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். மரத்தைச் சட்டம் காக்கலாம். மரத்தில் ஏறும் கால்களைச் சட்டம் காக்க இயலாது. அவர் உழைப்புக்கு உரிய விலை கிடைத்தால் மட்டுமே அக்கால்கள் ஏறும். அவர் மகனும் ஒருவேளை திரும்பி வருவான்.

குடும்பங்கள் செய்யத் தக்கவை

இரண்டு நாள் அலைந்து நாங்கள் கண்டது இதுதான்: நல்ல உணவைத் தேடுவோர் காலம், நேரம், கை ஆகிய மூன்றையும் அறிந்திருக்க வேண்டும். காலமாவது பருவம், பங்குனி சித்திரையில் பதனீர், கோடையில் நுங்கு, பொங்கலையொட்டிப் பனங்கிழங்கு. நேரமாவது, பதனீருக்கும் மீனுக்கும் விடியற்காலை. கையாவது செய்பவர் யார் என்பது. இம்மூன்றோடு நான்காவதாக, நேர்மையான விலையைக் கொடுக்கும் மனமும் வேண்டும்.

ஆகவே நம் பங்குக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு முறையேனும் பருவகாலத்தில் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு விடிலிக்குச் செல்லுங்கள். ஓராண்டுக்கு வேண்டிய கருப்பட்டியை அங்கேயே, செய்தவர் கையிலிருந்தே, பேரம் பேசாது வாங்குங்கள். இடைத்தரகுக்குப் போகும் பணம் உழைத்தவரிடம் சேரும், கலப்படத்திற்கும் இடமிராது. ஓலைப்பெட்டியில் வைத்து அடுப்புக்கு மேலே பரணில் வைப்பது நம் பாட்டிமார் வழக்கம். புகையும் வெப்பமும் மழைக்கால ஈரம் அணுகாது காத்தன. இன்று பரண் இல்லாத வீட்டில் காற்றுப் புகாத பாத்திரம் போதும்.

வாங்கியதைப் பயன்படுத்துவதும் நம் கையில்தான் உள்ளது. சுக்கும் மல்லியும் தட்டிப்போட்ட கருப்பட்டிக் காப்பி, மழைநாள் மாலைக்கு வேறென்ன வேண்டும்? பூப்பெய்திய பெண்ணுக்கு நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டும் உளுந்தங்களியை நம் தாய்மார் மறந்துவிடலாகாது. ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறோம்: கருப்பட்டியும் இனிப்பே. நீரிழிவு உள்ளவர்கள் அதை மருந்தென எண்ணி அளவின்றி உண்பது தவறு.

குருத்தோலை ஞாயிறன்று ஓசன்னா பாடிக்கொண்டு பவனி வருகையில் நம் சிற்றூர் மக்கள் கையில் ஏந்தும் குருத்தை, யாரோ ஒருவர் மரமேறித்தான் வெட்டித் தந்திருக்கிறார். அவர் பெயரை நாம் கேட்பதில்லை. உடன்குடித் தேரியில் இந்தக் கோடையிலும் சில மரங்களில் ஆளேறும். பல மரங்களில் ஏறாது. வரும் பங்குனியில் எத்தனை மரங்களில் ஏறுவார்கள் என்பது, நாம் எதை வாங்குகிறோம், எவரிடம் வாங்குகிறோம் என்பதையும் பொறுத்தது.